ஒரு கட்டம் வடக்கே

எண்பத்தாறாம் ஆண்டு மார்கழி மாதம் அது நடந்தது. முல்லைத்தீவுக்கு வடக்கே, கடலோரமாக இருந்த ஒரு சிறிய ஊர். ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். என் பெயரும் வேண்டாம். ஏன் மறைக்கிறேன் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கும் ஆங்கிலமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நான் கடற்கரை ஆள் இல்லை. எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு துணிமூட்டையோடு வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் மல்லாவிப் பக்கம் காடு வெட்டிக் காணி திருத்தி இருந்துவிட்டார்கள். நான் படித்து ஆசிரியரானேன். முதல் நியமனம் கடலோரத்தில் கிடைத்தது. கடலையே அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்ததும் பிடிக்கவில்லை. மலையில் பிறந்தவனுக்குக் காலடியில் இருப்பது அசையாமல் இருக்க வேண்டும். இது ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை. நீந்தவும் எனக்குத் தெரியாது.

நான் வாடகைக்கு இருந்த அறைக்குப் பக்கத்து வளவில் ஒரு குடும்பம் இருந்தது. கணவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சொந்தமாக ஒரு வள்ளமும் எஞ்சினும் வைத்துத் தொழில் செய்தார். அவரை நான் அண்ணை என்றும் அவருடைய மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு மகள். நான் போன புதிதில் எதற்கெடுத்தாலும் "ஆமாங்க" என்பேன். அண்ணை வயிறு குலுங்கச் சிரிப்பார். "ஓம் எண்டு ஒருக்காச் சொல்லும் மாஸ்ரர், மீன் தாறன்" என்று சீண்டுவார். ஆறு மாதத்தில் என்னை "ஓம்" சொல்ல வைத்துவிட்டார்.

கலியாணத்துக்கு முன் அண்ணை மூன்று வருடம் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். கப்பலுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் ரேடியோவும் சேலையும் கொண்டுவந்தால், இவர் ஒரு காகிதப் பெட்டி கொண்டுவந்திருந்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் வாங்கியதாம். கப்பலில் கூட வேலை செய்த ஒருவனோடு ஓய்வு நேரமெல்லாம் அதைத்தான் விளையாடினாராம். "வேற மனிசர் சீலை கொண்டு வருவினம், இவர் கடலைக் கொண்டு வந்தவர். வாசலிலை கடல் இல்லாத மாதிரி" என்று அக்கா அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தார்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு போர் விளையாட்டு. பழைய உலகப் போரில் நடந்த கடற்சண்டையை மேசையில் ஆடுவது. சமுத்திரத்தின் வரைபடம் மூன்று. ஒவ்வொன்றும் தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கட்டத்துக்கு ஒரு எண். கப்பல்களும் விமானங்களும் சிறிய மட்டைத் துண்டுகள். பாதி தொலைந்து போய், தீப்பெட்டி அட்டையில் வெட்டி அண்ணை ஈடு செய்திருந்தார். விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை அவருக்கு வரி வரியாக வாசித்து விளக்கத்தான் முதலில் என்னைக் கூப்பிட்டார். பிறகு நானே அதற்குள் விழுந்துவிட்டேன்.

அதன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இதில் பீரங்கிக் கப்பல்களால் பெரிய பயனில்லை. எல்லாம் விமானந்தாங்கிக் கப்பல்தான். நாங்கள் அதைத் தாய்க்கப்பல் என்போம், சுருக்கமாகத் தாய். இரண்டு பேரும் நடுவில் ஒரு பெட்டியை நிறுத்தி மறைத்துக்கொண்டு, தங்கள் தங்கள் வரைபடத்தில் கப்பலை நகர்த்த வேண்டும். எதிரி எந்தக் கட்டத்தில் நிற்கிறான் என்று தெரியாது. தேடும் விமானத்தை அனுப்பிப் பார்க்க வேண்டும். முதலில் கண்டவன் முதலில் அடிப்பான். அடிக்கப் போன விமானத்துக்கு எண்ணெய் இத்தனை கட்டத்துக்குத்தான் என்று கணக்கு உண்டு. போன தூரத்தைத் திரும்பி வரவும் வேண்டும். திரும்பி வரும்போது தாய் அந்த இடத்தில் இல்லையென்றால், ஒரே ஒரு கட்டம் மேலதிகமாகப் பறந்து தேடலாம். அதற்குள்ளும் கிடைக்கவில்லையென்றால் அந்தத் துண்டைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதை நாங்கள் "நனைஞ்சு போச்சு" என்போம்.

இரண்டு பேரின் ஒளிவிடங்களையும் அறிந்த மூன்றாம் ஆள் ஒருவர் வேண்டும். மத்தியஸ்தர். அந்த வேலை அக்காவுக்கு. முதலில் முணுமுணுத்தார். பிறகு எங்களைவிட அக்கறையாகச் செய்தார். மூன்றாவது வரைபடம் அவர் கையில். ஒவ்வொரு முறையும் எங்களிடம் தனித்தனியாக வந்து, "தாய் எங்க?" என்று கேட்பார். எண்ணைக் காதுக்குள் சொல்ல வேண்டும். பென்சிலால் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு ஒரு சிறிய அம்புக்குறி போடுவார். நனைந்த விமானத்துக்குப் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி. எதிராளியை எப்படியும் ஏமாற்றலாம், மத்தியஸ்தரிடம் மட்டும் பொய் சொல்லக் கூடாது. மத்தியஸ்தரும் தனக்குத் தெரிந்ததை வாய் திறந்து சொல்லக் கூடாது. அக்காவின் முகத்தைப் பார்த்து எதையாவது பிடிக்கலாம் என்று எத்தனையோ நாள் முயன்றிருக்கிறேன். முடியவே முடியாது.

அனேகமாக நான்தான் வெல்வேன். எனக்கு ஒரு தந்திரம் இருந்தது. விமானங்கள் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு உடனே தாயை வேறு பக்கம் ஓட்டிவிடுவேன். அண்ணையின் விமானங்கள் தேடி வரும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். என் விமானங்களில் பாதி திரும்ப இடமில்லாமல் நனைந்து போகும். போகட்டுமே, தாய் தப்பினால் ஆட்டம் என் பக்கம். அண்ணை நேர்மாறு. விமானங்களை அனுப்பினால் அவை வரும் வழியிலேயே தாயைக் கொண்டுபோய் நிறுத்துவார். அதனாலேயே அடிவாங்கித் தோற்பார். கணக்குத் தெரியாத ஆள் என்று நான் கேலி செய்வேன்.

கடைசியாக விளையாடிய அன்றும் அப்படித்தான் தோற்றார். என் பக்கத்தில் நனைந்த துண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்குள்ள ஆக்கள் இருக்கினம் மாஸ்ரர்."

"மட்டைதானே அண்ணை" என்றேன்.

அவர் கப்பலில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஒரு நாள் கூட வேலை செய்தவன் ஒருவன் தளத்திலிருந்து கடலில் விழுந்துவிட்டானாம். அவனைக் காணவில்லை என்று தெரியவே நேரமாகிவிட்டது. அந்தப் பெரிய கப்பலை அப்படியே திருப்பி, வந்த வழியே அரை நாள் போய்த் தேடினார்களாம். ஆள் கிடைக்கவில்லை. "கிடைக்கமாட்டான் எண்டு கப்ரனுக்கும் தெரியும். எண்டாலும் திருப்பினவர். தண்ணிக்குள்ள கிடக்கிறவன், கப்பல் வரும் எண்டு நினைச்சுக்கொண்டுதானே கிடப்பான்" என்றார். நான் சிரித்துக்கொண்டே துண்டுகளைப் பெட்டிக்குள் போட்டேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது என்று தெரியவில்லை.

அந்த மாரிக்கு ஊரில் பாதிப் பேர் இல்லை. கடலுக்குப் போகத் தடை. போனால் என்ன நடக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. கரையோரமாக இராணுவ ஹெலி பறக்கும். பலர் வீடுகளைப் பூட்டிவிட்டு உள்ளே புதுக்குடியிருப்புப் பக்கம் போய்விட்டார்கள். அண்ணை போகவில்லை. கிடைக்கும் இடைவெளியில் விடியற்காலையில் போய் வலை போட்டு, அடுத்த இடைவெளியில் எடுத்துவருவார். அப்படிப் போட்ட வலையை எடுக்கப் போக முடியாமல் இரண்டு நாள் கடந்துவிட்டது. வாடைக்காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. அவரிடம் மிஞ்சியிருந்த கடைசி வலைகள் அவை. கடல் அவற்றை இழுத்துக்கொண்டு போனால் வள்ளம் இருந்தும் பயனில்லை, அந்தக் குடும்பத்துக்கு வேறு வழியுமில்லை.

எங்கள் ஊர்க் கரையில் மாரிக்கு எல்லா இடத்திலும் வள்ளம் ஏற முடியாது. அலை கரைக்கு முன்னாலேயே மணல்திட்டில் மோதி உடையும். கரைக்கு உள்ளே தேங்கும் களப்புத் தண்ணீர் கரையை வெட்டிக்கொண்டு கடலோடு சேரும் இடம் ஒன்று உண்டு. தொடுவாய் என்பார்கள். அதற்குள்ளால் வந்தால் மட்டும்தான் தப்பலாம். மழை மூடினால் கடலிலிருந்து பார்க்கும்போது கரை முழுவதும் ஒரே சாம்பல் கோடுதான். அதனால் தொடுவாயின் ஓரத்தில் புகை போட்டுக் காட்டுவது வழக்கம். அண்ணை கடலுக்குப் போனால் அக்காதான் புகை போடுவார். தேங்காய்ப் பொச்சுமட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மழை படாமல் பின்னிய தென்னோலைக் கிடுகால் மூடி, எப்போதும் ஒரு குவியல் அங்கே தயாராக வைத்திருப்பார்.

ஆனால் அவர் வலை எடுக்கப் போகவிருந்த நாளுக்கு முதல் நாள் குழந்தைக்கு அம்மாள் வருத்தம் போட்டுவிட்டது. உடம்பெல்லாம் கொப்புளம். வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். அக்காவால் பிள்ளையை விட்டு வெளியே வர முடியாது. அண்ணை என் அறைக்கு வந்தார்.

"நீர் ஒருக்கா வந்து புகை போட்டு விடுவீரோ மாஸ்ரர்? பத்து மணிக்கு. அதுக்குள்ள நான் வலையைத் தூக்கிப் போடுவன்."

நான் உடனே ஓம் என்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடற்கரையில் என்னை ஒரு ஆளாக மதித்துக் கேட்ட முதல் வேலை அது.

விடியப் புறப்பட்டார். வள்ளத்தைத் தள்ளுவதற்கு நானும் கை கொடுத்தேன். எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. மூன்றரைக் கலன்தான் கிடைத்திருந்தது. போக ஒன்றரை, வர ஒன்றரை, கையிருப்பு அரை. "நான் இப்ப விமானம், நீர் தாய்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு வள்ளத்தில் ஏறி நின்றுகொண்டு, சிரிப்பில்லாமல், "தாய் நகரப்படாது, என்ன?" என்றார். நான் கையைக் காட்டினேன். வள்ளம் தொடுவாயைத் தாண்டி அலைகளில் ஏறி இறங்கிப் போனது.

ஒன்பது மணிக்கெல்லாம் மழை பிடித்துவிட்டது. நான் குடையோடு குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். தொடுவாய் என்பது வெறும் மணல்வெளி. ஒரு மரம்கூடக் கிடையாது. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், கிடுகை விலக்கலாம் என்று எழும்பியபோது, தெற்கே ஹெலியின் சத்தம் கேட்டது.

நான் என்ன செய்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். குடையையும் கையில் அகப்பட்ட நாலைந்து மட்டைகளையும் அள்ளிக்கொண்டு வடக்கே ஓடினேன். ஏறத்தாழ அரை மைல் தூரத்தில் தாழம்பற்றை ஒன்று அடர்த்தியாக இருந்தது. பக்கத்தில் ஆளில்லாமல் விட்ட ஒரு மீன்வாடிக் குடிசையும் இருந்தது. பற்றைக்குள் புகுந்து முள் கிழிக்கக் கிழிக்கக் குப்புறப் படுத்தேன். ஹெலி என்னை நோக்கி வரவேயில்லை. களப்புக்கு மேலால் எங்கோ உள்ளே போய்விட்டது. சத்தம் அடங்கி வெகுநேரம் ஆகியும் நான் எழும்பவில்லை.

எழும்பியபோது பத்தே முக்கால். நான் திரும்பி ஓடியிருக்கலாம். பத்து நிமிட ஓட்டம்தான். ஆனால் அந்த வெட்டவெளிக்குத் திரும்பிப் போக என் கால்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் என் புத்தி ஒரு வேலை செய்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. விளையாட்டின் விதி ஞாபகம் வந்தது. தாய் நகர்ந்திருந்தால் விமானம் ஒரு கட்டம் மேலதிகமாகத் தேடலாம். கையிருப்பில் அரைக் கலன் இருக்கிறது. அரை மைல் என்ன, ஒரு கட்டம்கூட இல்லையே. புகையைக் கண்டால் அவர் கரையைப் பிடித்துவிடுவார், பிறகு கரையோரமாகத் தொடுவாய்க்கு வந்துவிடுவார். இப்படி எனக்கு நானே கணக்குப் படிப்பித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இப்படிக் கணக்குச் செய்தால் காதைத் திருகியிருப்பேன்.

பாழடைந்த வாடியின் கிடுகைப் பிய்த்து, மட்டைகளை வைத்து, தாழைக்குப் பக்கத்திலேயே மூட்டினேன். ஈரப் புகை தடித்து எழும்பியது. நல்ல புகை. அதைப் பார்த்து எனக்கு ஒரு திருப்தியும் வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. அவர் பத்து மணிக்கே வந்து, புகையைக் காணாமல் வெளியே சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். கையிருப்பு எண்ணெயை அப்போதே எரித்திருப்பார். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. மழைக்குள்ளிருந்து வள்ளத்தின் தலை தெரிந்தது. நேராக என் புகையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. புகை இருக்கும் இடம் தொடுவாய் என்று நம்பி வருகிறார். எங்கள் மேசையில் விரிந்த கடலில் மணல்திட்டு கிடையாது, அலை கிடையாது. எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி நீலம்.

நான் கத்தினேன். குடையை விரித்து ஆட்டினேன். தெற்கே கையைக் காட்டினேன். மிகக் கிட்ட வந்த பிறகுதான் அவருக்கு இடம் பிழை என்று தெரிந்தது. எழும்பி நின்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். வள்ளத்தைத் திருப்பினார். திரும்பிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். பக்கவாட்டில் வந்த அலை வள்ளத்தைத் தூக்கிக் கவிழ்த்தது. வலைகளும் அவரோடு சேர்ந்தே விழுந்தன.

நான் இடுப்பளவு தண்ணீர் வரை ஓடினேன். அதற்கு மேல் போகவில்லை. ஒரு முறை அவர் தலை தெரிந்தது, ஒரு கையும் தெரிந்தது. வலை சுற்றியிருக்க வேண்டும். பிறகு தெரியவில்லை. நான் தண்ணீருக்குள் நின்றுகொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வாசலில் வேப்பிலை தொங்கியது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்தார். நான் நனைந்து போய் வந்த கோலத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. அவர் கத்தவில்லை. பிள்ளையை அணைத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"தொடுவாயிலதான் அக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் ஒருபோதும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் தெற்கே வேறொரு கரையில் அண்ணையின் உடல் ஒதுங்கியது. உள்ளே போயிருந்த ஊர்ச் சனங்கள் செத்தவீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்து கையைப் பிடித்தார்கள். "நீந்தத் தெரியாத மனிசன், கடைசி மட்டும் தொடுவாயில நிண்டிருக்கு" என்று ஒரு கிழவர் நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார். மழை மறைத்ததில் வள்ளம் தொடுவாயைத் தவறவிட்டு வடக்கே போய்விட்டது என்று அவர்களே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் அந்த ஊரில்தான் இருந்தேன். அக்கா பனையோலையில் பெட்டி இழைத்தும் பக்கத்து வீடுகளில் நெல் குத்தியும் பிள்ளையை வளர்த்தார். வெள்ளிக்கிழமைகளில் எனக்குச் சோறு அனுப்புவார். நான் அவருடைய வேலி அடைத்துக் கொடுப்பேன், கடிதம் எழுதிக் கொடுப்பேன், பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அவர் தேத்தண்ணீர் போட்டுத் தருவார். குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

எண்பத்தொன்பதில் எனக்கு மல்லாவிப் பக்கத்துக்கு மாற்றம் கிடைத்தது. அதே மாதம் அக்காவும் வவுனியாவில் நெளுக்குளத்தில் இருந்த தன் தமையன் வீட்டோடு போக முடிவு செய்தார். சாமான் ஏற்ற வந்த லொறி நிற்கும்போது, அந்தக் காகிதப் பெட்டியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"இதை நீங்கள் வைச்சிருங்கோ மாஸ்ரர். என்ரை வேலை முடிஞ்சுது."

நான் வாங்கிக்கொண்டேன். பிள்ளை லொறியின் முன்பக்கத்திலிருந்து எனக்குக் கை காட்டியது. அக்கா காட்டவில்லை. ஆனால் திரும்பி ஒருமுறை பார்த்தார். மத்தியஸ்தராக என்னிடம் வந்து "தாய் எங்க?" என்று கேட்கும்போது இருந்த அதே முகம்.

மல்லாவி போய்ச் சில கிழமைகளுக்குப் பிறகுதான் பெட்டியைத் திறக்கும் துணிவு வந்தது. துண்டுகள் எல்லாவற்றையும் நிறவாரியாகப் பிரித்து நூலால் கட்டி வைத்திருந்தார். அடியில் அக்காவின் வரைபடம். எங்கள் பழைய ஆட்டங்களின் அம்புக்குறிகள் மங்கலாக இன்னும் தெரிந்தன. அதைத் திருப்பினேன். பின்பக்க வெள்ளைத்தாளில் பென்சிலால் எங்கள் ஊர்க் கரை வரையப்பட்டிருந்தது.

தொடுவாய் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிறிய சதுரம், பக்கத்தில் "மட்டை எரியேல்லை" என்று எழுதியிருந்தது. வடக்கே தாழம்பற்றை இருந்தது. அங்கே ஒரு கறுப்பு வட்டம், பக்கத்தில் "சாம்பல்". சதுரத்திலிருந்து வட்டத்துக்கு ஒரு அம்புக்குறி. தாய் நகர்ந்தால் அவர் போடும் அதே அம்புக்குறி. வட்டத்துக்கு நேரே கடலில் ஒரு புள்ளடி. மூலையில் வரைந்த நாளின் திகதி. எண்ணிப் பார்த்தேன். அண்ணையின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள்.

அதாவது, கணவன் செத்து இரண்டு கிழமைக்குள், தன் கையால் அடுக்கிய குவியல் எரியாமல் கிடப்பதை அந்த மனுஷி தனியாக நடந்து போய்ப் பார்த்திருக்கிறார். அங்கிருந்து வடக்கே நடந்து சாம்பலையும் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, ஒழுங்காக, ஆட்டத்தைப் பதிவது போலப் பதிந்திருக்கிறார். பிறகு அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குச் சோறு அனுப்பியிருக்கிறார். நான் சொல்வேன் என்று இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறார். ஒவ்வொரு தேத்தண்ணீருக்கும் முன்னால் அவர் கேட்காமல் கேட்டதெல்லாம் அந்தப் பழைய கேள்விதான். நான் ஒவ்வொரு முறையும் அதே பொய்யைச் சொல்லாமல் சொன்னேன்.

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு நெளுக்குளத்துக்கு, அக்காவிடம் போக நினைத்தேன். பாதை சரியில்லை என்று எனக்கு நானே சொன்னேன். பிறகு உண்மையாகவே பாதை சரியில்லாமல் போனது. பிறகு இடப்பெயர்வுகள், ஒன்றன்பின் ஒன்றாக. நெளுக்குளத்துக்கு நான் கடைசியாகப் போய் விசாரித்தபோது, அக்கா மகளோடு வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். எந்த நாடு என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பெட்டி ஒரு இடப்பெயர்வில் காணாமல் போனது. அந்தத் தாளை மட்டும் மடித்து அடையாள அட்டையோடு வைத்திருந்ததால் அது தப்பியது. மடிப்பில் பென்சில் அழிந்துவிட்டது. அம்புக்குறி மட்டும் தெரிகிறது.

அக்கா எங்கேயாவது இருந்து இதைப் படித்தால், அவருக்கு என் பதில் இது. நான் தொடுவாயில் நிற்கவில்லை. வடக்கே, தாழைக்குள் நின்றேன். உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்த பிறகும் இதை என் வாயால் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

யாராவது என்னிடம் "கொஞ்சம் நில்லுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனால், பஸ் நிலையமாக இருந்தாலும் ஆஸ்பத்திரி வாசலாக இருந்தாலும், மழை கொட்டினாலும் நான் சொன்ன இடத்தைவிட்டு ஒரு அடி நகர்வதில்லை. அப்படி நிற்கும் ஒவ்வொரு முறையும், மழைக்குள் ஒரு மனிதர் எழும்பி நின்று நெற்றியில் கை வைத்து என்னைத் தேடுவது எனக்குத் தெரிகிறது.